ஆயில் பம்ப் பிரஷர் கொடுப்பதில்லை

சித்திரை மதியம். சிவகாசியிலிருந்து ஒரே மூச்சில் வந்த பழைய பெட்ரோல் அம்பாசடர், விருதுநகர் ரயில்வே கேட்டில் நிற்கிறது. ஐடிலிங்கில் ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடுகிறது. காலையில் வண்டியை எடுத்தபோது இந்தத் தொல்லை இல்லை. எந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டாலும் ஒரே பதில்: "ஆயில் பம்ப் வீக் ஆயிருச்சு." அது பாதி சரி. மீதிப் பாதியில்தான் இயற்பியல் ஒளிந்திருக்கிறது.

அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காருக்குள் இருந்ததும் இதன் உடன்பிறப்புதான். உத்தர்பாரா தொழிற்சாலை 2014-இல் அம்பாசடரை நிறுத்திவிட்டாலும், இங்கிலாந்தில் பழைய எம்.ஜி. வைத்திருப்பவர்கள் இன்னும் இதே குடும்பத்து எஞ்சின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தில் பரவலாகப் பொருத்தப்பட்டது ஹோபர்ன்-ஈட்டன் ரோட்டர் பம்ப். எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றினால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வார்ப்பிரும்புத் துண்டாக அது தெரியும். கேம்‌ஷாஃப்ட்டின் பல்சக்கரம்தான் அதைச் சுழற்றுகிறது. மூடியைத் திறந்தால் நான்கு இதழ் கொண்ட ஒரு ரோட்டர். அதைச் சுற்றி ஐந்து பள்ளம் கொண்ட ஒரு வளையம். இரண்டின் மையமும் ஒன்றல்ல. உள்ளே இருப்பது சுழலும்போது வளையத்தையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. இதழுக்கும் பள்ளத்துக்கும் நடுவிலுள்ள அறைகள் ஒரு பக்கம் விரிந்து எண்ணெயை உறிஞ்சுகின்றன. மறுபக்கம் சுருங்கி வெளியே தள்ளுகின்றன. வால்வே தேவையில்லை. சுழலும் பற்களால் நீரேற்றும் யோசனை பழையது. கோள்களின் பாதையைக் கணக்கிட்ட கெப்ளரே 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படி ஒரு பம்ப்பை வடிவமைத்தார். ஒரு பல் வித்தியாசமுள்ள இந்த ரோட்டர்களின் வளைகோட்டுக் கணக்கை 20-ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர் மைரன் ஹில் என்ற அமெரிக்கர்.

ஒரு சுற்றுக்கு இவ்வளவு எண்ணெய் என்று தள்ளுவதோடு பம்ப்பின் வேலை முடிகிறது. அந்த எண்ணெய் பேரிங்குகளின் இடுக்குகளில் நுழையச் சிரமப்படுவதால் பிறப்பதுதான் பிரஷர். வழியைத் தாராளமாகத் திறந்துவிட்டால் புது பம்ப்பாலும் பிரஷர் கேஜின் முள்ளை ஏற்ற முடியாது.

தேய்ந்த பம்ப்பில் அந்தத் தாராளமான வழி பம்ப்புக்குள்ளேயே திறந்துகொள்கிறது. தள்ளிய எண்ணெய் ரோட்டரின் முகப்புக்கும் மூடிக்கும் நடுவே புகுந்து, வந்த வழியே திரும்புகிறது. ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. இதழ் முனைகளுக்கு நடுவே 0.15 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. வளையத்துக்கும் உடலுக்கும் நடுவே 0.25, ரோட்டர் முகப்புக்கும் மூடிக்கும் நடுவே 0.125. தலைமுடி கனத்தைப்போல் சில மடங்கே உள்ள இந்த அளவுகளுக்கு இத்தனை கெடுபிடி எதற்கு? ஒட்டி நிற்கும் இரண்டு தளங்களுக்கு நடுவே கசியும் எண்ணெய், இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் இருபத்தேழு மடங்கு. கண்ணுக்கே தெரியாத தேய்மானம் ஆயில் விளக்கை எரியவைப்பது இந்தக் கணக்கால்தான்.

எண்ணெய் வியாபாரத்தில் பேர்போன விருதுநகருக்கு, சூட்டில் எண்ணெய் இளகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். எவ்வளவு இளகும் என்பதுதான் ஆச்சரியம். 20டபிள்யூ-50 ஆயில் 40 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போவதற்குள் அதன் பிசுபிசுப்பு ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். காலையில் தெரியாத கசிவு மதியம் தெரிவது இதனால்தான். மிதித்தால் விளக்கு அணைவதற்கும் காரணம் எளிது: பம்ப் வேகமாகச் சுழன்று, கசிவை மிஞ்சும் அளவுக்கு எண்ணெய் தள்ளுகிறது.

தேய்மானத்துக்கு இந்தப் பக்கத்துப் புழுதியும் உடந்தை. பம்ப் இருப்பது ஆயில் ஃபில்டருக்கு முன்னால். சம்ப்பில் கிடக்கும் எண்ணெய் ஒரு கம்பிவலையை மட்டும் தாண்டி நேரே ரோட்டருக்கு வருகிறது. பேரிங்கைக் காப்பாற்றும் ஃபில்டர், பம்ப்பைக் காப்பாற்றுவதில்லை.

மூடிப் பக்கம் தேய்ந்திருந்தால் மட்டும் கைவேலை உதவும். தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் எமரி பேப்பரை விரித்து, எண்ணெய் விட்டு, மூடியைப் பொருத்தும் சிறு ஊசிகளைப் பிடுங்கிவிட்டு, பம்ப் உடலின் முகத்தை எட்டுப்போல் சுழற்றித் தேய்க்க வேண்டும். உடலின் உயரம் குறையக் குறைய ரோட்டருக்கும் மூடிக்குமான இடைவெளி சுருங்கும். கொஞ்சம் அதிகமாகப் போனால் ரோட்டர் இறுகிவிடும். அதனால் அடிக்கடி நிறுத்தி அளப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. இதழ்கள் தேய்ந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, ரோட்டரையும் வளையத்தையும் ஜோடியாக மாற்றியாக வேண்டும்.

சிலர் இதையெல்லாம் விட்டுவிட்டு ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்கின் பின்னால் ஒரு வாஷர் போடுவார்கள். சுத்த ஏமாற்று. அந்த வால்வு பிரஷர் அளவுமீறும்போது திறந்து வழிய விடுவதற்கானது. ஐடிலிங்கில் அது ஏற்கெனவே மூடித்தான் கிடக்கும். மூடிய கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் எதற்கு?

இனி பேரிங். பம்ப்பின் பிரஷர்தான் கிராங்க் ஷாஃப்ட்டைத் தூக்கிப் பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. 1883-இல் லண்டனில் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்தார். பேரிங்கின் மேற்பக்கம் எண்ணெய் விட ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் மேலேறி வழிந்தது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையையும் வெளியே தள்ளியது. கேஜ் வைத்துப் பார்த்தால், பேரிங் சுமந்த சராசரி அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டியது. அங்கே பம்ப்பே கிடையாது. சுழலும் அச்சு தானே எண்ணெயைக் குறுகும் இடுக்குக்குள் இழுத்து, அதன் மேல் மிதக்கிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குச் சமன்பாடு எழுதினார். சுமை உச்சத்தில் அந்தப் படலத்தின் கனம் சில மைக்ரான். சிவகாசி ஆஃப்செட் இயந்திரம் காலண்டர் தாளில் பூசும் மையின் கனமும் அதை ஒட்டியதுதான். ஓரங்களில் வழிந்துபோகும் எண்ணெயை ஈடுகட்டுவதும், சூட்டை அள்ளிக்கொண்டு போவதும்தான் பம்ப்பின் பொறுப்பு.

அதனால்தான் குறைந்த பிரஷரிலும் எஞ்சின்கள் ஓடியிருக்கின்றன. விருதுநகரில் பிறந்த காமராஜர் பயணித்த எம்.டி.டி. 2727 செவ்ரோலேவைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அதே நிறுவனம் 1940களில் செய்த ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் பம்ப் பிரஷர் 15 பவுண்டை ஒட்டித்தான் இருக்கும். கனெக்டிங் ராட் கிராங்க் ஷாஃப்ட்டோடு சேரும் பிக் எண்ட் பேரிங்குக்கு எண்ணெய் குழாய்வழி போகாது. கனெக்டிங் ராடின் அடியிலுள்ள கரண்டி போன்ற முனை, பீய்ச்சும் எண்ணெயை ஒவ்வொரு சுற்றிலும் அள்ளிக்கொள்ளும். குழாய்வழி எண்ணெய் கேட்கும் அம்பாசடரை அப்படி ஓட்ட முடியாது.

பேரிங்கே தேய்ந்திருந்தால் அதே மும்மடிக் கணக்கு அங்கேயும் வந்து நிற்கும். புது பம்ப்புக்குக் கொடுத்த காசு வீண். ஆகவே சம்ப் கழன்று கிடக்கும்போதே ஒரு பேரிங் மூடியையாவது கழற்றிப் பார்ப்பது நல்லது. பம்ப்பை மாட்டும் முன் உள்ளே எண்ணெய் நிரப்ப வேண்டும். காய்ந்த ரோட்டர் இடுக்குகள் வழியே காற்றைத்தான் இழுக்கும், எண்ணெயை இழுக்காது. பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கேஜில் முள் அசையும்வரை கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்ற வேண்டும். அதற்கு முன் சாவியைத் திருப்பவே கூடாது.