ரிமோட் விமானம் அந்தரத்தில் நிற்பது எப்படி? 6 நிமிடக் கணக்கு
மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி, அந்தரத்தில் அப்படியே நிற்கிறதே எலெக்ட்ரிக் ரிமோட் விமானம், எப்படி? அந்த நேரத்தில் இறக்கைக்கு வேலையே இல்லை. மொத்த எடையையும் புரொப்பல்லர்தான் தாங்குகிறது. 1 கிலோ விமானம் என்றால் அதன் இழுவிசை 1 கிலோவைத் தாண்டணும். ஒன்றரை கிலோ இருந்தால் குட்டிக்கரணமும் போடலாம். புரொப்பல்லர் தள்ளும் காற்று வால் சுக்கான் மேல் வீசுவதால், நின்ற இடத்திலேயே திருப்பவும் முடிகிறது.

இந்தப் பலம் சும்மா வராது. 2200 எம்ஏஎச் லித்தியம் பாலிமர் பேட்டரியிலிருந்து மோட்டார் 22 ஆம்பியர் இழுத்தால் 6 நிமிடத்தில் காலி. 4 நிமிடத்திலேயே இறக்கிடுங்க. செல் ஒன்று 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி கெட்டுவிடும். தொங்கும்போது மோட்டார் நின்றால் விமானம் கல் மாதிரி விழும். பெரிய பேட்டரி போடலாமே? எடையும் கூடுமே!

வத்திராயிருப்புக்காரர்கள் கவனத்துக்கு: மேற்கே தெரியும் மலை, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். அந்தப் பக்கம் வேண்டாம், ஆளில்லாத காய்ந்த கண்மாய் போதும்.