வாடகைக் கட்டுப்பாடு முடியும் ஆண்டு எது?

ஐசலினில் எம்மவர் இருவர் சந்தித்தால் பேச்சு வாடகையில் வந்துதான் நிற்கும். குறைந்த வருமானக்காரருக்கான வீடு கிடைத்தபோது, அது அரசாங்க வீடு, இனிக் கவலையில்லை என்று நாமும் நினைத்தோம். வேலைத்தலத்தில் ஓவர்டைம் நின்ற மாதம்தான் விஷயம் விளங்கியது.

இந்நாட்டில் இத்தகைய வீடுகளில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். 1986ஆம் ஆண்டு வரிச்சட்டப்படி, இவற்றில் பணம் போடும் முதலீட்டாளருக்குப் பத்து ஆண்டுகள் வரிச்சலுகை கிடைக்கும். பதிலுக்கு வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் அந்த வரம்பு அப்பகுதி மக்களின் வருமானத்தை வைத்துக் கணிக்கப்படுகிறது. எமது சம்பளம் குறைந்தாலும் வாடகை இறங்காது. 'செக்‌ஷன் 8' உதவியுள்ள வீட்டிலோ நாம் கொடுப்பது வருமானத்தில் ஏறக்குறைய 30 வீதம்தான்.

அடுத்தது காலக்கெடு. 1990 முதல் வந்த வரிச்சலுகை வீடுகளுக்குக் கட்டுப்பாடு பொதுவாக 30 ஆண்டுகள். சில இடங்களில் 15 ஆண்டுகளின் பின் உரிமையாளர் விலகவும் வழியுண்டு. அதன் பிறகு, சில ஆண்டு அவகாசத்தின் பின், சந்தை வாடகைதான்.

நியூ ஜேர்சியின் 1974ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளரும் குடியிருக்கும் சிறு வீடுகள் தவிர்ந்த இடங்களில், தக்க காரணமின்றி எம்மை எழுப்ப விடாது. கட்டடம் கைமாறுவது மட்டும் காரணமாகாது. ஆனால் மிதமிஞ்சாத வாடகை உயர்வைக் கட்டாவிட்டால் அது காரணமாகிவிடும்.

ஆகவே கையொப்பம் வைக்கமுன் கேளுங்கள்: வாடகை எதை வைத்துக் கணிக்கப்படுகிறது? கட்டுப்பாடு எந்த ஆண்டில் முடிகிறது? பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். நாம் கேட்கவில்லை, நீங்களாவது கேளுங்கள்.