தலையில் அடிபட்ட மாணவர்: ஆசிரியர் எழுதி அனுப்ப வேண்டிய நான்கு வரிகள்

உணவு இடைவேளை. ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவர் பள்ளிச் சுற்றுச்சுவரில் ஏறித் தவறி விழுகிறார். காதுக்கு மேலே அடிபடுகிறது. அரை நிமிடம் மயக்கம். பிறகு எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்கிறார். சிறிய வீக்கம் மட்டும் தெரிகிறது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? கூடாது. அதற்கான காரணத்தை ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

முறிவின் வகைகள்

மண்டையோட்டில் எலும்பு விலகாமல் கோடுபோல் விழும் விரிசல் கீறல் முறிவு. எலும்புத் துண்டு உள்நோக்கி அமுங்கினால் அது அமுங்கிய முறிவு. மூளையைத் தாங்கும் அடிப்பகுதியில் ஏற்படுவது அடிமண்டை முறிவு. மேல்தோலும் கிழிந்திருந்தால் கிருமித் தொற்றுக்கு வழி திறந்துவிடுகிறது.

கீறல் முறிவு பெரும்பாலும் தானாகவே கூடிவிடும். ஆபத்து எலும்பைவிட அதன் உள்ளே நடப்பதில்தான் இருக்கிறது. காதுக்கு மேலே பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு முறியும்போது அது கிழிந்தால், எலும்புக்கும் மூளை உறைக்கும் இடையே இரத்தம் சேரும். தொடக்கத்தில் மாணவர் தெளிவாகப் பேசுவார், நடப்பார். இரத்தக்கட்டி பெரிதாகி மூளையை அழுத்தும்போது தலைவலி, வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம் எனத் தொடங்கி நினைவிழப்பில் முடியும். இதற்குச் சில மணி நேரமே போதும். அந்த இடைப்பட்ட தெளிவை நம்பி மாணவரைத் தனியே பேருந்தில் ஏற்றிவிடுவதுதான் பெரிய தவறு.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

நினைவிழப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, உளறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், இரு கண்மணிகளின் அளவில் வேறுபாடு, மூக்கிலோ காதிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர் வடிதல் ஆகியவை அவசர அறிகுறிகள். கண்ணைச் சுற்றியும் காதுக்குப் பின்னாலும் தோன்றும் கன்றிய நிறம் அடிமண்டை முறிவைக் காட்டும். ஆனால் அது தெரிய ஒரு நாள்கூட ஆகலாம். ஐந்து அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்தாலோ, வாகனம் மோதினாலோ அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செய்ய வேண்டியவை

அவசர அறிகுறி இருந்தால் 108ஐ அழையுங்கள். கழுத்தையும் தலையையும் அசைக்காமல் படுக்க வையுங்கள். வாந்தி எடுத்தால் தலையையும் உடலையும் ஒன்றாகச் சேர்த்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் மூடுங்கள். எலும்பு அமுங்கிய இடத்தை அழுத்தாதீர்கள். மூக்கையும் காதையும் பஞ்சு வைத்து அடைக்காதீர்கள். தண்ணீர், சோடா, மாத்திரை எதுவும் வேண்டாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

மருத்துவமனையில்

சீர்காழியில் 1922இல் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி, 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அன்று சி.டி. ஸ்கேன் கிடையாது, 1971இல்தான் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அது எடுக்கப்பட்டது. நோயாளியின் விழிப்பு நிலை எப்படி மாறுகிறது என்பதைத்தான் மருத்துவர்கள் பெரிதும் நம்பினார்கள். அந்தக் கவனிப்பை 1974இல் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் மதிப்பெண்ணாக வகுத்தார்கள். கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15. எட்டும் அதற்குக் கீழும் கடுமையான காயம்.

இன்று முறிவையும் இரத்தக்கட்டியையும் சி.டி. ஸ்கேன் காட்டிவிடும். ஆனால் கதிர்வீச்சைக் கருதி, அடிபட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் அதை எடுப்பதில்லை. எடுப்பதா, சில மணி நேரம் கவனிப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்ய, விழுந்தபோதும் பிறகும் நடந்தது தெரிய வேண்டும். பெற்றோர் அங்கே இருந்திருக்க மாட்டார்கள், பார்த்தவர் ஆசிரியர்தான். எனவே ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதி அனுப்புங்கள்:

1. எத்தனை மணிக்கு அடிபட்டது?
2. எப்படி, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தார்?
3. நினைவிழந்தாரா? எவ்வளவு நேரம்?
4. அதன்பின் எத்தனை முறை வாந்தி? பேச்சு, நடை, வலிப்பு பற்றி என்ன கண்டீர்கள்?

சிகிச்சையும் பின்விளைவும்

கீறல் முறிவுக்குக் கண்காணிப்பும் ஓய்வும் போதும். ஆழமாக அமுங்கிய எலும்பை அறுவை சிகிச்சையால் தூக்கி நிறுத்துவார்கள். பெரிய இரத்தக்கட்டியை உடனே அகற்ற வேண்டும். அடிமண்டை முறிவில் மூளையைச் சூழ்ந்த நீர் மூக்கு, காது வழியே கசியலாம். பெரும்பாலும் சில நாள்களில் அது நின்றுவிடும். நிற்காவிட்டால் மூளைக்காய்ச்சல் வரக்கூடும். வலிப்பு, காது மந்தம், வாசனை தெரியாமை, முகவாதம் ஆகியவையும் பின்விளைவுகளே.

ஒரத்தூரில் நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. எனினும் வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் பயணமே நீண்டது. தாமதிக்காமல் புறப்படுவது அவர்களுக்கு இன்னும் முக்கியம். சாலை விபத்தானால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குக் கட்டணமில்லை. பெற்றோருக்கு இதைச் சொல்லுங்கள்.

வகுப்புக்குத் திரும்பியபின்

தழும்பு ஆறினாலும் சில வாரங்களுக்குத் தலைவலி, மறதி, எரிச்சல், கவனச் சிதறல் இருக்கலாம். அதைச் சோம்பல் என்று கண்டிக்க வேண்டாம். வீட்டுப்பாடத்தைக் குறையுங்கள், இடையிடையே ஓய்வு கொடுங்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை விளையாட்டு வேண்டாம். நிலை மோசமானால் பெற்றோரிடம் சொல்லி மீண்டும் மருத்துவரிடம் அனுப்புங்கள்.