ஆயிரம் தீவுகள் ஆற்றில் ஒரு புகலிடம்

லவாலில் இருபது, முப்பது ஆண்டுகளாக வாழும் எம்மவர் பலர், மில் ஈல் ஆற்றைப் பாலத்தைக் கடக்கும்போது கார்க் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்திருப்போம். நாமும் நெடுநாள் அப்படித்தான் இருந்தோம். பிள்ளைகள் கேட்டதால் ஒரு கோடையில் சென்ற் றோஸ் பகுதிக்குப் போய், வாடகைக்கு ஒரு வள்ளம் எடுத்தோம்.

லவாலை வடகரையிலிருந்து பிரிக்கும் இந்த ஆறு 42 கிலோமீற்றர் நீளமானது. பெயரின் பொருள் ஆயிரம் தீவுகள். உண்மையில் இருப்பவை நூறு அளவில்தான். லவாலின் ஒரு பகுதிக்குக் குடிநீரும் இதிலிருந்தே வருகிறது. 1998இல் இங்குள்ள சில தீவுகள் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டன. எக்கோ நாத்தியூர் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு இதைப் பராமரிக்கிறது. பிரெஞ்சில் இத்தகைய இடத்தை 'ரெஃப்யூஜ்' என்கிறார்கள். எமது பத்திரங்களில் எழுதப்பட்ட 'ரெஃப்யூஜியே' என்ற சொல்லுக்கும் வேர் அதுதான்.

இங்கு வாழும் உயிர்களில் ஒன்று நிலப்பட ஆமை. ஓட்டிலுள்ள மெல்லிய கோடுகள் நிலப்படம் போலிருப்பதால் இந்தப் பெயர். வெயிலில் மரக்கட்டைகள் மீது ஏறிக் கிடக்கும். சோம்பல் என்று நினைக்கவேண்டாம். உணவு செரிக்கவும் வயிற்றில் முட்டை வளரவும் அந்தச் சூடு தேவை. வள்ளம் கிட்டப் போனால் தண்ணீருக்குள் விழுந்துவிடும். சேர்த்த சூடும் வீணாகும்.

கணக்கு எழுதிப் பழகிய எமக்கு இதை ஒரு பேரேடாகப் பார்க்கத் தோன்றுகிறது. பெண் ஆமை முட்டையிடும் பருவத்தை அடையப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். இடும் முட்டைகளில் பலவற்றை ரக்கூன் தோண்டித் தின்றுவிடும். பிழைக்கும் குஞ்சுகள் சொற்பம். அதனால் முட்டைகள் வட்டி என்றால், வளர்ந்த ஆமைதான் முதல். வட்டியில் இழப்பு வந்தால் இயற்கை தாங்கும். முதலில் கைவைத்தால் அந்தக் கணக்கே மூடப்படும்.

அன்று எங்கள் சின்னவன் ஒரு குட்டி ஆமையைப் பிடித்து வாளிக்குள் போட்டான். "வீட்டில் வளர்ப்போம், இங்கே தனியாக இருக்கிறது" என்றான். காட்டு ஆமையை வீட்டுக்குக் கொண்டுபோவது கியூபெக்கில் சட்டப்படி குற்றம் என்பதைச் சொன்னோம். பிறகு, எங்களையும் ஒருநாள் இப்படித்தான் சொந்த ஊரிலிருந்து எடுத்துவந்துவிட்டார்கள் என்றோம். அவன் பேசாமல் வாளியைத் தண்ணீருக்குள் சரித்தான்.

போகிறவர்கள் கவனிக்கச் சில விடயங்கள். வாத்துகளுக்குப் பாண் போடவேண்டாம். வயிறு நிரம்புமே தவிர சத்து இல்லை, மிச்சம் தண்ணீரைக் கெடுக்கும். கடையில் வாங்கிய செல்ல ஆமையை ஆற்றில் விடவேண்டாம். உள்ளூர் ஆமைகளின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். யூன் மாதம் ஆமைகள் முட்டையிட வீதியைக் கடக்கும். கண்டால் வேகத்தைக் குறையுங்கள். பாதுகாப்பாக இறங்க முடிந்தால், அது போகும் திசையிலேயே கடத்திவிடுங்கள். திருப்பிவிட்டால் மறுபடி வரும். வேறு இடத்திலிருந்து விறகு கொண்டுவர வேண்டாம். மரங்களைக் கொல்லும் வண்டுகள் அதிலேயே பயணம் செய்கின்றன.

சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வரும் பறவைகளை எம் பிள்ளைகளில் பலர் கண்டதில்லை. இந்த ஆறோ வீட்டிலிருந்து சில நிமிடங்கள்தான். எங்களை ஏற்ற நாட்டில் வேறு உயிர்களுக்கும் ஒதுக்கப்பட்ட இடம் இது. ஒரு கோடை நாளைப் பிள்ளைகளோடு அங்கே கழியுங்கள். வள்ளத்தைத் தூரத்தில் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.