547 கறுப்பு ப்யூக்: அன்றும் இன்றும்

2022 ஜனவரி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், ஸ்காட்ஸ்டேல் நகரில் பழைய கார் ஏலம். ஒரு கறுப்பு ப்யூக் மேடைக்கு வந்தது. வயது முப்பத்து நான்கு. மீட்டரில் ஓடியிருந்த தூரம் 33 மைல். அதாவது 53 கிலோமீட்டர். ஒரு டேங்க் பெட்ரோல்கூட முழுதாகத் தீர்ந்திருக்காது. ஐந்து லட்சம் டாலருக்குக் குறையாமல் கேட்டு எடுத்தார்கள். 1987இல் அந்த மாடலின் ஆரம்ப விலை 18,295 டாலர்.

அது கிராண்ட் நேஷனல் என்ற மாடலில் கடைசியாகச் செய்யப்பட்ட வண்டி. அந்த மாடலுக்கு ஓர் அண்ணன் உண்டு. ஜிஎன்எக்ஸ் என்று பெயர், கடைசி எக்ஸ் 'எக்ஸ்பெரிமென்டல்' என்பதன் சுருக்கம். மொத்தமே 547 வண்டிதான் செய்தார்கள். எல்லாமே கறுப்பு. வேறு நிறம் வேண்டுமென்றால் வேறு கார்தான் பார்க்க வேண்டும்.

இந்த வண்டியின் கதையில் எனக்குப் பிடித்த வேடிக்கை, இதைச் செய்த கம்பெனிதான். ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிராண்டுகளைப் படிக்கட்டு மாதிரி அடுக்கி வைத்திருந்தது. புதிதாகச் சம்பாதிக்கத் தொடங்கியவனுக்கு செவ்ரோலே, அப்புறம் பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், அதற்கு மேலே ப்யூக், உச்சியில் காடிலாக். ப்யூக் என்றால் டாக்டர் கார், பேங்க் மேனேஜர் கார். மெத்தென்ற சீட், சத்தமில்லாத சவாரி. சிக்னலில் யாரோடும் போட்டிக்குப் போகாத மனிதர்கள் வாங்குகிற வண்டி. அங்கிருந்துதான் 1987இல் அமெரிக்கத் தெருக்களிலேயே முரட்டு வண்டி ஒன்று வந்தது.

காரணம் ஆசையில்லை, நெருக்கடி.

1962இல் ப்யூக் ஒரு வி6 எஞ்சினைக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கார்களில் பெரிய எண்ணிக்கையில் வந்த முதல் வி6 அதுதான். வி8 எஞ்சினில் இரண்டு சிலிண்டரைக் குறைத்துச் செய்த மாதிரியான அமைப்பு. எட்டு சிலிண்டருக்குப் பொருந்துகிற 90 டிகிரி கோணத்தை ஆறுக்கு வைத்ததால் சிலிண்டர்கள் சீரான இடைவெளியில் வெடிக்காது. நின்ற இடத்தில் வண்டி லேசாகக் குலுங்கிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் தண்ணீர் விலைக்குக் கிடைத்த காலம். எவனுக்கு வேண்டும் ஆறு சிலிண்டர்? 1967இல் அச்சு, இயந்திரம் எல்லாவற்றையும் சேர்த்து கைசர் ஜீப் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பங்க்குகளில் வரிசை நின்றது. அடுத்த ஆண்டே, விற்ற மாட்டைத் திரும்பப் பிடித்துவருவதுபோல, அதே அச்சு இயந்திரங்களை ஜெனரல் மோட்டார்ஸ் விலைகொடுத்து வாங்கிக்கொண்டு வந்தது. 1977இல் கிராங்க் ஷாஃப்டை மாற்றிச் செய்து குலுக்கலையும் சரிபண்ணினார்கள். இதற்கிடையே, எல்லாக் கம்பெனியும் சராசரி மைலேஜை ஏற்றியே ஆக வேண்டும் என்று சட்டமும் வந்துவிட்டது. வி8 இனி கொஞ்ச காலம்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஆறு சிலிண்டரில் எட்டு சிலிண்டர் வேலையை வாங்க வழி என்ன? டர்போ.

டர்போ ஒன்றும் மாயமில்லை. சைலன்சர் வழியே வீணாகப் போகிற சூட்டுப் புகையை ஒரு சின்னக் காற்றாடியின் மேல் பாயவிடுகிறார்கள். அது நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டியும் சுழலும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரிக்கலாம், பலமும் கூடும். சும்மா போகும்போது சின்ன எஞ்சின், மிதித்தால் பெரிய எஞ்சின்.

சிக்கல் என்னவென்றால், காற்றை அமுக்கினால் சூடேறும். சைக்கிளுக்குப் பம்ப் அடித்தவர்களுக்குத் தெரியும், குழாயின் அடி கையைச் சுடும். சூடான காற்றோடு கலந்த பெட்ரோல், ஸ்பார்க் பிளக் மூட்டிய நெருப்பு வந்து சேரும்வரை காத்திராமல் தானாகவே வெடித்துவிடும். அதைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். இரண்டு தடவை பலமாக நாக்கிங் வந்தால் பிஸ்டனை மறந்துவிடலாம். 1962இலேயே ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற காரில் டர்போ வைத்துப் பார்த்தார்கள். நாக்கிங்கைத் தடுக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த திரவத்தைத் தனி டேங்க்கில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்ற மறந்தவர்கள் நிறைய. பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

1978இல் ப்யூக் ரீகல் காரில் 3.8 லிட்டர் டர்போ வி6 விற்பனைக்கு வந்தபோதும் அதன்மேல் கார்புரேட்டர்தான். 150 அல்லது 165 குதிரைத்திறன். மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று இழுக்கும். பரவாயில்லை ரகம். 1982இல் ரீகலின் ஒரு ரகமாக வந்த முதல் கிராண்ட் நேஷனல் சாம்பல் நிற வண்டி, இருநூற்றுச் சொச்சம்தான் செய்தார்கள். நாஸ்கார் பந்தயத் தொடரின் பெயரை எடுத்து வைத்ததோடு சரி, பெயருக்கு ஏற்ற பலம் அதில் இல்லை.

உண்மையான திருப்பம் 1984. கார்புரேட்டர் போயிற்று. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்தில் பொறி. முன்பே வந்துவிட்டிருந்த ஒரு சென்சார் எஞ்சின் பிளாக்கில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். நாக்கிங் தொடங்குகிற சத்தம் கேட்டதும் கம்ப்யூட்டர் பொறியைத் தள்ளிப்போடும். ஜெட்ஃபயர்காரன் பாட்டிலில் ஊற்றிய வேலையை இப்போது ஒரு சிப் செய்தது. 200 குதிரைத்திறன். வண்டி முழுக்கக் கறுப்பு. 1986இல் அமுக்கிய காற்றைக் குளிரவைத்து உள்ளே அனுப்பும் இன்டர்கூலர் சேர்ந்தது, 235. 1987இல் 245. அதே ஆண்டு செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் வி8 கொடுத்தது 240. மாமனார் கார் என்று கிண்டலடித்த பையன்கள் சிக்னலில் பின்னால் நின்று அதன் விளக்குகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அதற்குள் முடிவும் எழுதப்பட்டுவிட்டது. பின்சக்கரம் இழுக்கும் ரீகலை நிறுத்தி, 1988 முதல் முன்சக்கரம் இழுக்கும் புது ரீகலைக் கொண்டுவரத் தீர்மானித்தார்கள். அதில் 2.8 லிட்டர் வி6, 125 குதிரைத்திறன். டர்போவுக்கு இடமில்லை. போவதுதான் போகிறது, ஒரு கடைசி வண்டியை மனதுக்குத் திருப்தியாகச் செய்துவிட்டுப் போகட்டும் என்று ப்யூக்கின் இன்ஜினியர்கள் நினைத்தார்கள். இது என் ஊகமில்லை, வண்டியே சொல்கிறது. வியாபாரக் கணக்குப் போட்டிருந்தால் அடுத்த வருடம் இல்லாத ஒரு மாடலுக்கு இத்தனை மெனக்கெட மாட்டார்கள்.

ஜிஎன்எக்ஸுக்காக, மிச்சிகன் மாநிலத்தின் பாண்டியாக் நகர ஆலையில் செய்த கிராண்ட் நேஷனல்களில் சிலவற்றை எடுத்து ஏஎஸ்சி–மெக்லாரன் பட்டறைக்கு அனுப்பினார்கள். கார்களுக்குக் கூரைத் திறப்பு வைத்துப் பெரிதான ஏஎஸ்சியும், புரூஸ் மெக்லாரனின் பந்தய அணி அமெரிக்கப் பந்தயங்களுக்காகத் தொடங்கிய எஞ்சின் பட்டறையும் சேர்ந்த கூட்டு அது. அங்கே கேரட் டர்போவின் காற்றாடியை செராமிக்கில் மாற்றினார்கள். இரும்பைவிட எடை குறைவு, சட்டென்று சுற்றிக்கொள்ளும், மிதித்ததற்கும் இழுப்பதற்கும் இடையில் இருந்த அந்தத் தாமதம் சுருங்கியது. பெரிய இன்டர்கூலர், கியர்பாக்ஸில் மாற்றம், 16 அங்குல வலை போட்ட கறுப்புச் சக்கரங்கள். முன் மட்கார்டில் சூட்டை வெளியேற்றப் பிளந்த துவாரங்கள். டேஷ்போர்டில் இருந்த டிஜிட்டல் மீட்டரைத் தூக்கிவிட்டு முள் ஓடும் ஸ்டுவர்ட்–வார்னர் மீட்டர்கள். பக்கத்தில் ஒரு சின்னத் தகடு, அதில் அந்த வண்டியின் எண்.

உள்ளே உட்கார்ந்து கிளம்புகிற முறையைப் பாருங்கள். கிளட்ச் கிடையாது, ஆட்டோமேட்டிக். இடது கால் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, வலது கால் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதிக்கும். வண்டி நகராது. பூஸ்ட் மீட்டரின் முள் மட்டும் ஏறும். ஏறியதும் பிரேக்கை விட வேண்டும். மற்ற வண்டிகள் கிளம்பும்போது பின்பக்கம் அமுங்கும். ஜிஎன்எக்ஸில் டிஃபரென்ஷியலிலிருந்து முன்னோக்கி ஒரு தடித்த இரும்புக் கம்பியைப் பொருத்தியிருந்தார்கள். அதன் நெம்புதலில் பின்பாடி மேலே எழும்பும், டயர் தரையில் பதியும். பின்னாலிருந்து பார்த்தால் பாயப்போகிற பூனை இடுப்பைத் தூக்குவதுபோல இருக்கும். 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை அளந்தபோது 60 மைல் வேகத்தைத் தொட 4.7 வினாடி ஆயிற்று. கால் மைல் தூரத்துக்கு 13.5.

காகிதத்தில் 276 குதிரைத்திறன் என்று போட்டார்கள். யாரும் நம்பவில்லை. முந்நூறுக்குக் குறையாது என்றுதான் ஓட்டியவர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். கம்பெனியின் செல்லப்பிள்ளை கார்வெட்டை ஒரு ப்யூக் அவமானப்படுத்தக் கூடாது என்று குறைத்து எழுதினார்கள் என்பது பழைய பேச்சு. கறுப்பு உடையும் மூச்சுச் சத்தமுமாக வருவதால் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் டார்த் வேடர் கார் என்று பெயரும் ஒட்டிக்கொண்டது. விலை 29,290 டாலர். கிராண்ட் நேஷனல் விலைக்கு மேல் சுளையாக 10,995. அதற்கும் மேலே வைத்து விற்ற டீலர்கள் உண்டு.

1987 டிசம்பர் 11 அன்று கடைசி கிராண்ட் நேஷனல் பாண்டியாக் ஆலையின் வரிசையிலிருந்து இறங்கியது. ஆலையும் மூடியது.

அங்கிருந்து இன்றைக்கு வருவோம். பாண்டியாக் என்ற கார் பிராண்டே 2010உடன் இல்லாமல் போயிற்று. வி6 எஞ்சின் பிறந்த ஃப்ளின்ட் நகரத்தில் ப்யூக் சிட்டி ஆலையின் கார் வரிசை 1999இல் நின்றது. அந்த எஞ்சின் குடும்பத்தின் கடைசி வாரிசு, 3800 என்று பெயர் பெற்றது, 2008 ஆகஸ்டில் அதே ஃப்ளின்ட்டில் முடிந்தது. 1962இல் வேண்டாத பிள்ளையாகப் பிறந்து, விற்கப்பட்டு, திரும்ப வாங்கப்பட்ட ஓர் எஞ்சினுக்கு நாற்பத்தாறு ஆண்டு ஆயுள் என்றால் குறையில்லை.

டர்போ மட்டும் எங்கும் போகவில்லை, எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. இன்று ப்யூக்கின் ஆரம்ப விலை வண்டி என்விஸ்டா. மூன்று சிலிண்டர், 1.2 லிட்டர், டர்போவோடு 136 குதிரைத்திறன். ஜிஎன்எக்ஸ் ஒரு லிட்டருக்குக் கொடுத்தது கிட்டத்தட்ட 73. மளிகை வாங்கப் போகிற இந்த வண்டி லிட்டருக்கு 113 கொடுக்கிறது. வண்டியின் மேல் டர்போ என்று பெருமையாக எழுதிக்கூட ஒட்டுவதில்லை. ஒருகாலத்தில் நாக்கிங்குக்குப் பயந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்த சென்சார் இப்போது ஏறக்குறைய எல்லாப் பெட்ரோல் வண்டியிலும் இருக்கிறது. அன்று கிராண்ட் நேஷனல்காரர்கள் சிப்பை மாற்றி மாட்டி பூஸ்டை ஏற்றினார்கள். இன்று அதே வேலைக்கு லேப்டாப் போதும்.

வேகத்திலும் அப்படித்தான். டெஸ்லா மாடல் 3இன் வேகமான ரகம் 60 மைலை நான்கு வினாடிக்குள் தொடுகிறது. பிரேக்கைப் பிடித்து முள் ஏறக் காத்திருக்க வேண்டாம். பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் 4.7 வினாடிக்கு இனி யாரும் ஐந்து லட்சம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் கொடுக்கிறார்கள். அதில்தான் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். 1987இலேயே பலர் இது பின்னால் விலை ஏறும் என்று கணித்து, சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் ஷெட்டில் பூட்டினார்கள். அவர்கள் கணிப்பு சரி. ஓடின வண்டி தேய்ந்தது, பூட்டின வண்டி பொன்னானது. நின்ற இடத்திலிருந்து பாய்வதற்காகவே கம்பி கம்பியாகப் பார்த்துச் செய்த வண்டி, நின்ற இடத்திலேயே நின்றதால் விலை பெறுகிறது. வைரத்தையோ ஓவியத்தையோ பூட்டி வைத்தால் புரிகிறது. டர்போவை எதற்குப் பூட்டுகிறார்கள்?

பூட்டாத கைகளும் இருக்கின்றன. கலிஃபோர்னியாவின் காம்ப்டனில் 1987இல், அந்தக் காரின் ஆண்டிலேயே பிறந்த ராப் பாடகர் கென்ட்ரிக் லமார், 2024 நவம்பரில் ஓர் ஆல்பம் வெளியிட்டார். பெயர் 'ஜிஎன்எக்ஸ்'. அட்டையில் அந்தக் கறுப்பு வண்டி. அடுத்த பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் மைதானத்தில் அந்த வண்டியின் பானெட்மேல் குந்தியபடி இடைவேளை நிகழ்ச்சியைத் தொடங்கினார். கதவு திறந்து நடனக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். ப்யூக் என்றால் தாத்தா கார் என்று நினைத்திருந்த ஒரு தலைமுறை அந்த மூன்றெழுத்தை அன்று தேடிப் பார்த்தது.

தேடியவர்கள் ப்யூக் ஷோரூமுக்குப் போயிருந்தால் ஏமாந்திருப்பார்கள். அமெரிக்காவில் இன்று ப்யூக் விற்பது நான்கே மாடல். நான்கும் உயர்ந்த எஸ்யூவி ரகம், இரண்டு கதவு வண்டி ஒன்றுகூட இல்லை. நான்கிலும் டர்போ.