ஒரு வகுப்புக்கு எத்தனை பேர்?

கூட்டம் கூடினால் படிப்பு குறையுமா?

தையல் வகுப்பு நடக்கிறது. ஆசிரியை ஒருவர். கற்க வந்தவர்கள் 30 பேர். நேரம் ஒரு மணி.

ஒவ்வொருவரின் தையலையும் ஆசிரியை பார்த்துத் திருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?

2 நிமிடம்!

அதே வகுப்பில் 6 பேர் மட்டும் இருந்தால்?

10 நிமிடம்!

கதாகாலட்சேபம் கேட்க ஆயிரம் பேர் வரலாம். அதனால் கதை குறைந்துவிடாது. ஆனால் தையலும் நீச்சலும் எழுத்துக்கூட்டிப் படிப்பதும் கேட்டால் மட்டும் வந்துவிடாது. தானே செய்ய வேண்டும். தவறு செய்ய வேண்டும். அந்தத் தவறை ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும். கூட்டம் பெருகப் பெருக, அந்த முறை வருவது தாமதமாகிறது.

கயிறு சொன்ன ரகசியம்

ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும். ஆனால் வடம் பிடித்த எல்லோரும் முழு பலத்தோடு இழுக்கிறார்களா?

பிரான்ஸ் நாட்டு விவசாய என்ஜினீயர் மாக்ஸ் ரிங்கல்மான் இதைச் சோதித்துப் பார்த்தார். ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி அளந்தார். 1913-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்.

தனியாக இழுக்கும்போது ஒருவரின் பலம் 100 என்றால், 8 பேர் சேர்ந்து இழுத்தபோது ஒருவரின் பங்கு 49 ஆகக் குறைந்துவிட்டது!

எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். "மற்றவர் இழுப்பார்" என்ற எண்ணம் இன்னொரு காரணம்.

வகுப்பிலும் இதே கதைதான். "யாராவது பதில் சொல்வார்கள்" என்று பின்வரிசை பேசாமல் இருந்துவிடுகிறது.

குலுக்கிப் பார்த்த சோதனை

அமெரிக்காவில் டென்னசி என்று ஒரு மாநிலம். அங்கே 1985-ம் ஆண்டு ஒரு பெரிய சோதனை தொடங்கியது. 79 பள்ளிகள். 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். 4 ஆண்டுகள்.

குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலருக்கு 13 முதல் 17 பேர் கொண்ட சின்ன வகுப்பு. சிலருக்கு 22 முதல் 25 பேர் கொண்ட பெரிய வகுப்பு. இன்னும் சிலருக்குப் பெரிய வகுப்போடு ஆசிரியருக்கு ஓர் உதவியாளர்.

சின்ன வகுப்புக் குழந்தைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். ஏழைக் குழந்தைகளுக்கும் கறுப்பினக் குழந்தைகளுக்கும் அதிகப் பலன் கிடைத்தது. உதவியாளர் வைத்த வகுப்பிலோ பெரிய மாற்றம் இல்லை!

குறைத்தால் மட்டும் போதுமா?

போதாது என்கிறது கலிபோர்னியாவின் அனுபவம்.

1996-ம் ஆண்டு அந்த மாநிலம், ஆரம்ப வகுப்புகளை 20 பேராகக் குறைக்கும் பள்ளிகளுக்குப் பணம் தர முன்வந்தது. உடனே ஆயிரக்கணக்கில் புது ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். தகுதிப் பயிற்சி முடிக்காதவர்களும் வேலைக்கு வந்தார்கள். அவர்கள் அதிகம் சேர்ந்தது ஏழைகள் வாழும் பகுதிப் பள்ளிகளில்! எதிர்பார்த்த அளவுக்குப் பலன் தெரியவில்லை.

எண்ணிக்கையும் வேண்டும். சொல்லித்தரத் தெரிந்தவரும் வேண்டும்.

எழும்பூர் காட்டிய வழி

ஆசிரியர்கள் போதாத இடத்தில் என்ன செய்வது? அதற்கு ஒரு வழி சென்னையில் பிறந்தது.

1789-ம் ஆண்டு எழும்பூர் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குக் கண்காணிப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துப் பாதிரியார். இங்குள்ள பள்ளி ஒன்றில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை.

பெல் விடவில்லை. 8 வயதுப் பையன் ஒருவனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். முறை பலித்தது! பிறகு பள்ளி முழுவதையும் சிறு சிறு குழுக்களாக்கி, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தர வைத்தார்.

இது "மெட்ராஸ் முறை" என்ற பெயரோடு இங்கிலாந்துக்குப் போனது. ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் "மெட்ராஸ் காலேஜ்" என்ற பள்ளி இன்றும் இருக்கிறது.

ஆனால் பையனுக்குத் தெரிந்ததைத்தானே பையன் சொல்லித்தர முடியும்? பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பெருகியபோது அந்த முறை மறைந்தது. சிறு குழுவாகப் பிரிக்கும் யோசனை மட்டும் மறையவில்லை.

சேருமுன் கேளுங்கள்

பிள்ளையை ஒரு வகுப்பில் சேர்க்கப் போகிறீர்களா? நீங்களே ஒரு தொழில் பழகப் போகிறீர்களா? பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர்?

ஒருவருக்கு எவ்வளவு நேரம் தானே செய்து பார்க்க வாய்ப்பு?

கூட்டம் அதிகமானால் குழுவாகப் பிரிப்பார்களா?

கட்டடம் பெரிதா, பெயர்ப்பலகை பெரிதா என்று பார்ப்பது அப்புறம். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் முறை வருகிறதா? அதுதான் முதல் கேள்வி!