குரொம்வெல்லும் 'வரலாற்றின் தீர்ப்பும்'

மக்களின் வெறுப்புக்கு ஆளான ஆட்சித் தலைவர்களும் அவர்தம் ஆதரவாளரும் 'வரலாறு எமக்கு நீதி வழங்கும்' என்று கூறி ஆறுதல் அடைவதுண்டு. வரலாறு என்பது பக்கஞ்சாராத ஒரு நீதிமன்றம், காலம் செல்ல உணர்ச்சிகள் தணிந்து உண்மை தானாகவே வெளிப்படும் என்ற எடுகோள் இக்கூற்றிலே பொதிந்துள்ளது. தீர்ப்பு வழங்குவோர் யார், எத்தேவை கருதி வழங்குகின்றனர் என்ற வினாக்கள் இதனால் மறைந்துவிடுகின்றன. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஒலிவர் குரொம்வெல் பற்றிய மதிப்பீடு மூன்றரை நூற்றாண்டு காலமாக மாறி வந்தவாற்றை நோக்குவதன் மூலம் இவ்வினாக்களுக்கு விடைகாண இக்கட்டுரையில் முயல்கின்றோம்.

உள்நாட்டுப் போரிற் பாராளுமன்றப் படையின் வெற்றிக்குப் பெரும் பங்களித்தவர் குரொம்வெல். முதலாம் சாள்ஸ் மன்னனின் மரணதண்டனைப் பத்திரத்திற் கையெழுத்திட்டோரில் ஒருவரும் அவரே. மன்னன் 1649 ஜனவரி 30இல் சிரச்சேதம் செய்யப்பட்டான். 1653 இறுதியிலிருந்து 'பாதுகாவலர்' என்னும் பட்டத்துடன் ஆண்ட குரொம்வெல் 1658இல் இறந்தபோது, அரசர்க்குரிய சிறப்புடன் வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். 1660இல் முடியாட்சி மீண்டது. மறு ஆண்டு, மன்னன் கொல்லப்பட்ட அதே ஜனவரி 30இல், குரொம்வெல்லின் சடலம் தோண்டியெடுக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டது. துண்டிக்கப்பட்ட தலை வெஸ்ற்மின்ஸ்ரர் மண்டபத்தின் மேல் நடப்பட்டது. பல கைமாறிய அத்தலை, கேம்பிரிட்ஜ் கல்லூரியொன்றில் மீண்டும் மண்ணுக்குட் சென்றது 1960இலேயே.

அவர் மீதான வெறுப்பு ஒருதன்மைத்தானதன்று. முடியாட்சிவாதிகள் மன்னனைக் கொன்றமைக்காக அவரை வெறுத்தனர். குடியரசுவாதிகள் 1653இல் பாராளுமன்றத்தைப் படைபலங் கொண்டு கலைத்தமைக்காக வெறுத்தனர். 1655இல் நாட்டைப் படைத்தளபதிகளின் மேற்பார்வையில் விட்டமை மாகாண நிலவுடைமையாளரின் பகையைத் தேடித்தந்தது. 'லெவலர்' எனப்பட்ட சமத்துவவாதிகள் அவரைக் காட்டிக்கொடுத்தவராகக் கண்டனர். அயர்லாந்து மக்களின் வெறுப்போ முற்றிலும் வேறானது. ஆதலின் 'மக்கள் செல்வாக்கை இழந்த தலைவர்' என்று பொதுப்படக் கூறுவதாற் பயனில்லை. எந்த மக்களிடம், எக்காரணத்தால் என்பதே முதல் வினா.

மாறிய காலத்தின் சாயலை அக்காலக் கவிதைகளிலே தெளிவாகக் காணலாம். குரொம்வெல்லின் மறைவையொட்டி அவரைப் போற்றும் பாடல்களை 1659இல் வெளியிட்ட டிறைடன், 1660இலேயே இரண்டாம் சாள்ஸ் மன்னனை வரவேற்றுக் கவிதை எழுதினார். குரொம்வெல்லை விளித்து 1652இல் மில்ற்றன் எழுதிய பதினான்கடிப் பாடல், 1673இல் அவரது கவிதைகள் மீண்டும் அச்சேறியபோது இடம்பெறவில்லை. குரொம்வெல் அயர்லாந்திலிருந்து திரும்பியமை பற்றி 1650இல் மார்வெல் இயற்றிய பாடல், அவர் இறந்தபின் 1681இல் வந்த தொகுதியின் ஏறத்தாழ எல்லாப் படிகளிலிருந்தும் நீக்கப்பட்டது. அது பரவலாக வாசகரை அடைய 1776 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவற்றைத் தனிமனித நேர்மைப் பிரச்சினையாக மட்டும் காண்பது பொருந்தாது. எதனை அச்சிடலாம், எதனை நினைவுகூரலாம் என்பதை ஆளும் அதிகாரம் தீர்மானித்தமைக்கு இவை சான்றுகளாகும்.

இவ்விடத்தில் ஓர் முரண்பாடு மனங்கொள்ளத்தக்கது. குரொம்வெல்லின் உடலைத் தண்டித்தோர் அவர் சார்ந்த புரட்சியின் பயன்களைத் தண்டிக்கவில்லை. 1646இல் ஒழிக்கப்பட்ட நிலப்பிரபுத்துவ நிலக்கடமைகள் 1660இல் மீட்கப்படவில்லை. அவ்வொழிப்புச் சட்டபூர்வமாக உறுதிசெய்யப்பட்டது. ஆங்கிலக் கப்பல் வணிகத்தைப் பேணும் 1651ஆம் ஆண்டுச் சட்டம் 1660இல் புதிய வடிவில் இயற்றப்பட்டது. 1655இல் கைப்பற்றப்பட்ட ஜமெய்க்கா திருப்பிக் கொடுக்கப்படவில்லை. நிலவுடைமையாளரும் வணிகரும் புரட்சியின் ஆதாயங்களை வைத்துக்கொண்டு, அதன் ஆபத்தான நினைவை மட்டும் தூக்கிலிட்டனர் எனலாம். 1688இன் பின்னரும் இந்நிலை நீடித்தமைக்கு இதுவே காரணம். கீழ்மட்டத்தோரின் பங்குபற்றலின்றி அதிகார மாற்றத்தை நிறைவேற்றிய ஆளுங்குழுவினருக்கு, ஆயுதமேந்திய மக்களை நினைவூட்டும் குரொம்வெல் தேவைப்படவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஹியூம் அவரை மதவெறியும் பாசாங்கும் கலந்தவராகவே தீட்டினார். மன்னன் இறந்த நாள் 1859 வரை அரச திருச்சபையின் வழிபாட்டு நூலில் நோன்பு நாளாக இருந்தது.

மாற்றம் 19ஆம் நூற்றாண்டிலே நிகழ்ந்தது. 1845இல் தோமஸ் கார்லைல் குரொம்வெல்லின் கடிதங்களையும் உரைகளையும் தொகுத்து வெளியிட்டார். பாசாங்குக்காரன் என்ற படிமம் அத்தொகுதியின் முன் நிலைக்க முடியவில்லை. எனினும், சான்றுகள் கிடைத்தமையால் மட்டும் மதிப்பீடு மாறிற்று என்று கொள்வதற்கில்லை. அரச திருச்சபையைச் சாராத புரட்டஸ்தாந்தர் பதவி வகிப்பதற்கிருந்த சட்டத்தடை 1828இல் நீங்கியது. 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் மத்தியதர வர்க்கத்தினருக்கு வாக்குரிமையை விரிவாக்கிற்று. தொழில் நகரங்களில் எழுச்சியுற்ற இவ்வர்க்கத்தினர் தமக்கொரு மூதாதையைத் தேடினர். பிறப்பால் அன்றி உழைப்பாலும் மனச்சாட்சியாலும் உயர்ந்தவராகச் சித்திரிக்கப்பட்ட குரொம்வெல் அவர்களுக்கு ஏற்றவராயினார்.

கார்லைலின் பணி முக்கியமானதெனினும் குறைபாடுடையது. மாவீரரே வரலாற்றை இயக்குகின்றனர் என்ற அவரது நோக்கு, குரொம்வெல்லை அவரோடு நின்ற சாதாரண படைவீரரிடமிருந்து பிரித்துவிட்டது. 1647இல் பட்னியில் நடைபெற்ற விவாதங்களின் குறிப்புகளை 1891 முதல் சாள்ஸ் ஃபேர்த் பதிப்பித்தபோதே அவ்வீரரின் குரல் பரவலாகக் கேட்கத் தொடங்கிற்று. வாக்குரிமை சாதாரண மனிதருக்கும் உரியதென்று ரெயின்பறோ வாதிட்டார். நிலையான உடைமை உள்ளோருக்கே அது உரியதென்று குரொம்வெல்லின் மருமகன் அயற்றன் மறுத்தார். 1649 மே மாதத்தில் படைக்குள் எழுந்த கிளர்ச்சியைக் குரொம்வெல் அடக்கினார். பேர்போர்ட் தேவாலய முற்றத்தில் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அயர்லாந்துப் படையெடுப்புக்குச் செல்ல மறுத்தோரும் அக்கிளர்ச்சியில் இருந்தனர்.

மார்க்சிய ஆய்வாளர் இப்பிரச்சினையை வேறொரு தளத்துக்கு எடுத்துச் சென்றனர். 1940இல் கிறிஸ்தோபர் ஹில் ஆங்கிலப் புரட்சியை முதலாளித்துவத்துக்கு வழிதிறந்த சமூகப் புரட்சியாக விளக்கினார். 1970இல் குரொம்வெல்லைப் பற்றித் தனிநூல் எழுதிய அவர், இரண்டாண்டுகளின் பின் வெளியிட்ட நூலிற் புரட்சிக்குள் தோற்கடிக்கப்பட்ட சிறு குழுக்களின் பக்கம் கவனத்தைத் திருப்பினார். இத்திருப்பம் அர்த்தமுள்ளது. ஒரு தலைவரின் முற்போக்குப் பாத்திரத்தை ஏற்பது, அவரால் நசுக்கப்பட்டோரை மறப்பதற்கான அனுமதியாகாது. நிலப்பிரபுத்துவத்தை உடைத்தார் என்ற ஒன்றைக் கொண்டே எல்லாவற்றையும் நியாயப்படுத்தும் எளிமைவாதம் எம்மவரிடையேயும் இருந்துள்ளமையை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

அவ்வெளிமைவாதம் அயர்லாந்து என்ற பிரச்சினையிற் சிதறுகின்றது. 1649இல் ட்றொகெடாவிலும் வெக்ஸ்போர்ட்டிலும் நிகழ்ந்த படுகொலைகளைத் தொடர்ந்து, 1652ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவு நிலப்பறிப்புக்கு வழிசெய்தது. போருக்குக் கடன் கொடுத்த வணிகருக்கும், ஊதிய நிலுவையுள்ள படையினருக்கும் அந்நிலம் பங்கிடப்பட்டது. 1641இல் அயர்லாந்தின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கை வைத்திருந்த கத்தோலிக்கர், 1688 அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே கொண்டிருந்தனர். ஆங்கிலக் குடியரசு அயர்லாந்திலேயே உடைந்து போயிற்று என்ற கருத்தை மார்க்ஸ் 1869ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் வெளியிட்டார். இன்னொரு மக்களின் நிலத்தைப் பறித்த புரட்சி, தனக்குள்ளேயே புதிய நிலப்பிரபுக்களை வளர்த்துக்கொண்டது என நாம் இதனை விளங்கிக்கொள்ளலாம்.

1895இல் பாராளுமன்றத்தின் அருகே குரொம்வெல்லுக்கு அரச செலவிற் சிலையெழுப்ப றோஸ்பரியின் லிபரல் அரசாங்கம் முனைந்தது. அப்போது அயர்லாந்துத் தேசியவாத உறுப்பினர் கடுமையாக எதிர்த்தனர். அரசாங்கம் பின்வாங்கிற்று. ஆயினும் தனிப்பட்ட பணத்தில் உருவான சிலை 1899இல் அங்கு நிறுவப்பட்டது. பணம் கொடுத்தவர் றோஸ்பரியே. 2002இல் பி.பி.சி. நடத்திய மிகச்சிறந்த பிரித்தானியர் தெரிவிற் குரொம்வெல் பத்தாம் இடத்தைப் பெற்றார். ஐரிஷ் நினைவிலோ அவர் பெயர் இன்றும் சாபச் சொல்லாகவே வழங்குகின்றது. மூன்றரை நூற்றாண்டு கடந்தும் உணர்ச்சி தணியவில்லையே என்று இதனைக் குறைகூறுவோர், பறிக்கப்பட்ட நிலத்தின் மீது எழுந்த உறவுகள் எவ்வளவு காலம் நீடித்தன என்பதைக் கருத்திற் கொள்வதில்லை.

ஆகவே, காலம் தலைவர்களைத் தூய்மைப்படுத்துவதில்லை. புதிய வர்க்கங்கள், புதிய தேவைகளுடன், பழைய தலைவர்களிடம் திரும்பி வருகின்றன. மறுமதிப்பீடு இதனால் வீண் எனக் கொள்ளல் தவறு: கார்லைல் பொய்யொன்றை அகற்றினார், ஃபேர்த் புதைந்த குரல்களை மீட்டார், ஹில் புரட்சியின் சமூக அடித்தளத்தைக் காட்டினார். ஒவ்வொன்றும் அறிவை முன்னகர்த்தியது. ஆனால் தேசத்தின் பெயரால் ஒரு தலைவர் மீண்டும் உயர்த்தப்படும்போது, அத்தேசத்துக்குள் எண்ணப்பட்டோர் யாவர், எண்ணப்படாதோர் யாவர் என நாம் கேட்டல் வேண்டும். 1895இல் அவ்வினாவை எழுப்பியோர் அதே பாராளுமன்றத்தின் உறுப்பினராகவே இருந்தனர். அவர்கள் எழுந்து பேசியிராவிடின், குரொம்வெல்லின் சிலையை முழுத் தேசத்தின் தீர்ப்பாகவே பின்வந்தோர் கொண்டிருப்பர்.